விழப்போகிற பல்லுக்கு ஏன் கிரவுண்?

(பல் கேள்வி–பதில். பதில் எழுதுபவர் வன்னியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்.)

கேள்வி: வணக்கம் மிஸ். என் மகளுக்கு ஐந்து வயது. கீழ்க் கொடுப்புப் பல்லில், இரண்டு பல்லுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் சூத்தை. கிளிநொச்சியில் ஒரு பல் டொக்டரிடம் காட்டினோம். ஊசியும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம், மேலே ஒரு ஸ்டீல் கிரவுண் போட்டு மூடிவிடலாம் என்கிறார். சூத்தையைச் சுரண்டாமல் உள்ளே விட்டு மூடினால் அது பல்லைத் தின்றுகொண்டே போகாதா? மாமி சொல்கிறா, "விழப்போற பல்லுக்கு ஏன் காசைக் கொட்டுறியள், பிடுங்கிவிட்டாச் சரிதானே" என்று. இவரும் மாமியின் பக்கம்தான்.
– ஒரு தாய், விசுவமடு

பதில்: தங்கச்சி, முதலில் மாமியின் கேள்விக்கு வருகிறேன். மாமி சொல்வதில் பாதி சரி. பாற்பல் விழத்தான் போகிறது. எப்போது விழும் என்பதில்தான் பிசகு. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாப் பல்லும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். பின்னால் இருக்கிற பாற் கொடுப்புப் பற்கள் ஒன்பது வயதுக்கு மேல்தான் விழத் தொடங்கும். கடைசிப் பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்கும். உங்கள் மகள் பிறந்ததிலிருந்து இன்றுவரை எவ்வளவு காலமோ, ஏறக்குறைய அவ்வளவு காலம் அந்தப் பல் இன்னும் சோறு அரைக்க வேண்டியிருக்கிறது.

பிடுங்கினால் சாப்பாட்டில் மட்டும் கஷ்டம் என்றால் பரவாயில்லை. ஆறு வயதளவில், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுக் கொடுப்புப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். முன்னால் இடம் காலியாக இருந்தால் அது மெல்ல முன்னுக்குச் சரிந்துவிடும். பத்து, பன்னிரண்டு வயதில் வரவேண்டிய பல்லுக்கு அப்புறம் வாசல் இல்லை. அது உள்ளுக்குள்ளேயே நிற்கும், இல்லாவிட்டால் நாக்குப் பக்கமோ கன்னப் பக்கமோ கோணலாக வரும். அதை நேராக்கக் கம்பி கட்ட வெளிக்கிட்டால் செலவு ஒரு பக்கம், மாதாமாதம் பஸ் ஏறுவது இன்னொரு பக்கம். உங்கள் இவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். ஆண்களுக்குக் கணக்குச் சொன்னால் கொஞ்சம் கேட்பார்கள்.

இனி உங்கள் கேள்வி. சூத்தையை உள்ளே வைத்து மூடலாமா? நாங்கள் மகரகமவில் படித்த காலத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். சூத்தை முழுவதையும் எடுக்க வேண்டும், பிறகுதான் அடைக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வேதம். அதை மாற்றியவர்களில் ஒருவர் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் இருந்த நோர்னா ஹோல் என்கிற பல் வைத்தியர். 1980களிலிருந்தே அவர் பிள்ளைகளின் கொடுப்புப் பற்களுக்கு ஊசி போடாமல், துளைக்காமல், சூத்தைக்கு மேலேயே ஸ்டீல் கிரவுணை ஒட்டிவந்தார். அவர் எழுதி வைத்திருந்த பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அதனால்தான் இதை ஹோல் முறை என்கிறார்கள்.

பதிவுகள் மட்டும் போதாது என்று, ஸ்கொட்லாந்திலேயே டேசைட் என்கிற பகுதியில் 132 பிள்ளைகளை வைத்து ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஒரே பிள்ளையின் வாயில் ஒரு பல்லுக்குக் கிரவுண், அதே மாதிரியான இன்னொரு பல்லுக்கு வழமையான அடைப்பு. ஐந்து வருடத்துக்குப் பிறகு, நரம்பு கெடுதல், சீழ் பிடித்தல் போன்ற பெரிய பழுது அடைத்த பற்களில் 16.5 வீதம். கிரவுண் போட்டவற்றில் 3 வீதம். எது சுகமாக இருந்தது என்று கேட்டதற்கு 77 வீதமான பிள்ளைகள் கிரவுணைத்தான் சொன்னார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஊசியைக் கண்டதும் கதிரையிலிருந்து இறங்கி ஓடிய பிள்ளைகளைப் பிடிக்க ஆஸ்பத்திரி முற்றம்வரை நானும் ஓடியிருக்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது? சூத்தைக் கிருமிக்குச் சாப்பாடு நாங்கள் சாப்பிடுகிற சீனியும் மாவும்தான். கிரவுணுக்குள் சீமெந்து நிரப்பிப் பல்லைச் சுற்றிவர இறுக்கி மூடினால் அந்தச் சாப்பாடு உள்ளே போகாது. கிருமி அடங்கிப்போகும், சூத்தை நகராமல் நிற்கும். பல்லும் சும்மா இராது, நரம்பைச் சுற்றித் தன் பாட்டில் புதிதாக ஒரு மதில் கட்டும். இரண்டு பல்லுக்கு இடைப்பட்ட சூத்தையை அடைப்பது, ஒரு பக்கம் இடிந்த மண்கிணற்றை அந்த இடத்தில் மட்டும் சாந்து பூசி நிறுத்தப் பார்ப்பது போல. மழை வந்தால் பக்கத்து மண்ணும் சேர்ந்து விழும். கிரவுண் என்பது சுற்றிவரக் கொங்கிறீற் வளையம் இறக்குவது. பாற்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லினதை விட மெல்லியது. அதோடு ஐந்து வயதுப் பிள்ளையின் வாயில் எச்சில் படாமல் அடைப்பதென்பது பெரிய பாடு. நான் அடைத்த எத்தனையோ பற்கள் அடுத்த வகுப்புக்குப் பிள்ளை ஏறுமுன்னே என்னிடம் திரும்பி வந்திருக்கின்றன.

செய்கிற விதம் இதுதான். பல் இடுக்கு நெருக்கமாக இருந்தால் முதல் நாள் இரண்டு பல்லுக்கும் நடுவே சின்ன றப்பர் வளையம் ஒன்றைச் செருகி அனுப்புவார்கள். மூன்று, நான்கு நாளில் அது கொஞ்சம் இடைவெளி உண்டாக்கும். அந்த நாட்களில் இறைச்சி நார் சிக்கின மாதிரி ஒரு அந்தரம் இருக்கும். பிள்ளை விரலால் நோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வளையத்தை எடுத்துவிட்டுக் கிரவுணை அளவு பார்ப்பார்கள். இது ஆளுக்கு ஆள் செய்து எடுப்பதல்ல, ஆயத்தமாகப் பெட்டியில் வருவது. எட்டுப் பாற் கொடுப்புப் பற்களுக்கும் ஆறு ஆறு அளவு இருக்கும். பொருந்துவதை எடுத்து, சீமெந்து நிரப்பி, பல்லில் வைத்து அழுத்துவார்கள். சிலவேளை பிள்ளையையே கடிக்கச் சொல்வார்கள். ஆயத்தம் எல்லாம் முடிந்தால் ஒட்டுகிற வேலை சில நிமிடம்தான். முரசு சற்று வெளிறும், இறுக்கமாக இருக்கும், சீமெந்தின் ருசிக்கு முகத்தைச் சுளிப்பாள். அவ்வளவுதான்.

இப்போது கட்டாயம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இதை முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பினால் தாய்மார் பயந்து அடுத்த நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கிரவுண் போட்டதும் கடி உயர்ந்துவிடும். அந்தப் பல் மட்டும் முட்டும், மற்றப் பற்கள் சேராது. "அம்மா, வாய் மூட ஏலாமல் கிடக்கு" என்பாள். சில கிழமைகளில் பற்கள் தாமாகவே ஒழுங்காகிவிடும். அதுவரை குழைத்த சோறு, இடியப்பம், புட்டு என்று மெத்தென்று கொடுங்கள். முதல் நாள் கொஞ்சம் நோகலாம், பனடோல் பாணியை எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் போதும்.

ஆனால் இவ்வளவும் பல்லின் நரம்பு நல்ல நிலையில் இருந்தால்தான். டொக்டரிடம் திரும்பிப் போகும்போது எக்ஸ்றே எடுத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். நீங்களும் உங்களையே கேளுங்கள்: மகள் இரவில் பல்லுக் கொதியால் எழும்பி அழுதிருக்கிறாளா? முரசில் பரு மாதிரி ஏதும் வந்து போனதா? இரண்டுக்கும் இல்லை என்றால், எக்ஸ்றேயும் சரி என்றால், யோசிக்காமல் செய்வியுங்கள்.

காசு விஷயம். அரச ஆஸ்பத்திரிப் பற்பிரிவில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கான கிரவுண் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் கையிருப்பில் இராது. எங்களைப் போன்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் அடைப்பதும் பாற்பல் பிடுங்குவதும் செய்வோம், கிரவுண் பல் வைத்தியரின் வேலை. பரந்தன் சுற்றிக் கிளிநொச்சிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பாமல், முதலில் போன் எடுத்து இருக்கிறதா, எந்த நாள் வரலாம் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஸ்டீல் கிரவுண் போடச் சொல்கிறார்கள். பெண்பிள்ளை, சிரித்தால் இரும்புப் பல் தெரியும், பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள். வெள்ளையில் போட முடியாதா? அதோடு இரும்பு வாய்க்குள் கிடந்தால் கறள் பிடித்து உடம்புக்குள் போகாதா?
– ஒரு தந்தை, முழங்காவில்

பதில்: தம்பி, கறள் பிடிக்காது. இது கறள் பிடிக்காத உருக்கு, இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேர்ந்தது. 1950இலிருந்தே பிள்ளைகளின் பற்களுக்குப் பயன்படுகிறது, நேற்று வந்த சாமான் இல்லை. நிக்கல் ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கடைத்தெருவில் வாங்கின மலிவுத் தோட்டைப் போட்டதும் மகளுக்குக் காது சிவந்து தண்ணீர் வடிந்ததா? அப்படி என்றால் டொக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளையில் இருக்கிறது, சிர்கோனியா என்பார்கள். அழகுதான். ஆனால் ஸ்டீல் மாதிரி வளைந்து கொடுக்காது. அதற்கு இடம் செய்யப் பல்லைச் சுற்றிவர நன்றாக அராவ வேண்டும். விறைப்பூசி வேண்டும், பிள்ளை வாயைத் திறந்தபடி நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டும். ஒட்டும்போது முரசிலிருந்து இரத்தம் வந்தால் பிடிப்பும் குறையும். விலையும் கூட. முன்பல் என்றால் நானே வெள்ளையைத்தான் சொல்வேன். பின் கொடுப்புப் பல்லுக்கு, அதுவும் ஆறு வயதுப் பிள்ளைக்கு, ஊசி இல்லாமல் முடிகிற காரியத்தை ஏன் பெரிதாக்குவான்?

பகிடியைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்குப் பிள்ளைகள் கவலைப்படுவதில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு பொடியன் தனக்கு "ரோபோ பல்லு" என்று சொல்லி வகுப்பு முழுக்க வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தான். அடுத்த கிளினிக்கில் அவனுக்குப் பக்கத்து வாங்குப் பிள்ளை, சூத்தையே இல்லாத பல்லைக் காட்டி, "எனக்கும் அது வேணும் மிஸ்" என்று நின்றது. மகளிடம் வெட்கப்பட வேண்டிய விஷயம் மாதிரி நீங்கள் கதைத்தால் அவளும் வெட்கப்படுவாள். கீழ்ப்பல் என்றால் பெரிதாக வாய் திறந்து சிரிக்கும்போது கொஞ்சம் தெரியும், மறைக்க முடியாது. பல் விழும்போது கிரவுணும் அதோடு சேர்ந்து விழும். நிரந்தரப் பல் வெள்ளையாகத்தான் வரும்.

கேள்வி: என் பேரனுக்கு மூன்றரை வயது. தாய் வெளிநாட்டில் வேலை, நான்தான் பார்க்கிறேன். பிள்ளை கிழமைக் கணக்கில் இரவிரவாகப் பல்லைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். முரசில் ஒரு கட்டி, உடைந்து சீழ் வந்தது, பிறகு நோ குறைந்துவிட்டது. கராம்பெண்ணெய் பூசுகிறேன். இவனுக்கும் அந்த மூடி போட்டால் சரியாகுமா?
– ஒரு அம்மம்மா, மல்லாவி

பதில்: அம்மா, இவனுக்கு அந்த மூடி இப்போது சரிவராது. நோ குறைந்தது பல் சுகமானதால் இல்லை. நரம்பு செத்து, சீழுக்கு வெளியே வர வழி கிடைத்ததால். அந்த நிலையில் மூடினால் சீழை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும்.

இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பெரும்பாலும் அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் மறுக்காதீர்கள், காலியான இடத்தைக் காக்க ஒரு சின்னக் கம்பி வளையம் வைக்கலாமா என்று மட்டும் கேளுங்கள். சில பற்களில் நரம்பை மருந்திட்டுச் சுத்தம் செய்து, பிறகு அதற்கு மேல் கிரவுண் போடவும் வழி உண்டு. அது பல்லைப் பார்த்துத்தான் முடிவு. அன்ரிபயோட்டிக் மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். காரணமான பல் அங்கேயே இருக்கும்வரை சீழ் திரும்பி வரும்.

கன்னமோ கண்ணுக்குக் கீழோ தாடைக்குக் கீழோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் பல் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். இரவென்றாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கராம்பெண்ணெயைச் சின்னப் பிள்ளைக்குத் தாராளமாகப் பூசினால் முரசு வெந்துபோகும், நிறுத்திவிடுங்கள். அஸ்பிரின் கொடுக்கவும் கூடாது, தூளாக்கிப் பல்லில் வைக்கவும் கூடாது. நோவுக்குப் பனடோல் பாணிதான், அளவை மருந்துக்கடையில் எடை சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பேரன் சூப்பிப் போத்தலோடு நித்திரை கொள்கிறானா? தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை, அழாமல் படுக்கட்டும் என்று சீனி போட்ட பாலைப் போத்தலில் கொடுத்துப் படுக்க வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. நித்திரையில் எச்சில் குறைவு, அந்தப் பால் விடியவிடியப் பல்லில் ஊறும். ஒரேயடியாக நிறுத்தினால் நீங்கள் இரண்டு பேருமே தூங்க மாட்டீர்கள். முதலில் சீனியை நிறுத்துங்கள், பிறகு பாலில் தண்ணீரைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் வெறும் தண்ணீராக்குங்கள். மற்றப் பற்களையாவது காப்பாற்றலாம்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்க் கச்சான் அல்வா சாப்பிட்டதில் மகனின் கிரவுண் கழன்று, அதையும் சேர்த்து விழுங்கிவிட்டான். ஆபத்தா?
– முள்ளியவளை வாசகி

பதில்: வயிற்றுக்குள் போயிருந்தால் பெரும்பாலும் சில நாட்களில் மலத்தோடு வெளியே வந்துவிடும். வாழைப்பழம் கொடுத்து உருட்டிவிட வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஆனால் விழுங்கினபோதோ பிறகோ விடாமல் இருமினானா, மூச்சில் இழுப்புச் சத்தம் வந்ததா? அப்படி என்றால் அது மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். வயிற்று நோவும் வாந்தியும் வந்தாலும் காட்டுங்கள். பல்லுக்குப் புதுக் கிரவுண் போட ஒரு நாளைக் கேட்டு வையுங்கள், மாதக்கணக்கில் திறந்தபடி விடக்கூடாது. மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன்: கழன்ற கிரவுண் கைக்குக் கிடைத்தால் எறியாதீர்கள், கழுவி எடுத்துக்கொண்டு போங்கள். சிலவேளை அதையே திருப்பி ஒட்டலாம். பொங்கலுக்குப் போனால் கச்சான் அல்வா வாங்காமல் வர முடியாது என்பது எனக்கும் தெரியும். அவனுக்கு வறுத்த கச்சானைக் கொடுங்கள், அல்வாவை நீங்கள் சாப்பிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. புதிதாக முளைத்த முன்பற்களில் வெள்ளைக் கோடும் மண்ணிறத் திட்டும் இருக்கிறது. அயலில் பல பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இதுவும் சூத்தையா, கிரவுண் போட வேண்டுமா?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: சூத்தை ஒரு பல்லில், ஒரு பக்கத்தில் தொடங்கிக் குழியாகும். நீங்கள் எழுதியது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அயல் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி. இது பெரும்பாலும் தண்ணீர். உலர்வலயத்தில், வவுனியாவின் பல இடங்கள் உட்பட, நிலத்தடி நீரில் புளோரைட் கூட. பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அதை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இந்தத் திட்டு விழும். முளைத்த பிறகு பிரஷால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்த்து முரசைப் புண்ணாக்காதீர்கள். கிரவுண் தேவையில்லை. பெரிய பிள்ளையானதும் மறைக்க விரும்பினால் வழி இருக்கிறது.

வீட்டில் அவளுக்குத் தம்பி, தங்கச்சி இருந்தால் அவர்களுக்குத்தான் இப்போது கவனம் தேவை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். சுத்திகரிப்பு நிலையத்து ஆர்ஓ தண்ணீர் கிடைக்குமானால் குடிக்கவும் பால்மா கரைக்கவும் அதை எடுங்கள். கிணற்றைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பற்பசையிலும் புளோரைட் இருக்கிறதே என்று அதை நிறுத்திவிட வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

கேள்வி: கிரவுண் போட்ட பல்லையும் விளக்க வேண்டுமா? அதுதான் ஸ்டீல் ஆயிற்றே.
– துணுக்காய் வாசகர்

பதில்: ஸ்டீலுக்குச் சூத்தை வராதுதான், அதைச் சுற்றியுள்ள முரசுக்கு அழற்சி வரும். கிரவுணும் முரசும் சேருகிற ஓரத்தில் அழுக்குத் தேங்கவிடாமல் பிரஷைச் சாய்த்துப் பிடித்து விளக்குங்கள். ஏழு, எட்டு வயதுவரை இரவு விளக்குவதைப் பெரியவர் ஒருவர் செய்துவிட வேண்டும், பிள்ளை தானே செய்வது விளையாட்டுத்தான். விளக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்துப் பற்பசையின் புளோரைட்டைக் கழுவிவிடாதீர்கள். அதன்பிறகு பணிசும் சீனித் தேத்தண்ணியும் கிடையாது, பச்சைத் தண்ணீர் மட்டும்.